கடலோர அருங்காட்சியகங்களையும் வரலாற்றிடங்களையும் முறையாகக் காண்பதற்கு

கடலோரப் பகுதியின் வரலாற்றைக் காணப் புறப்படுகிறவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, இன்று நாம் காணும் கரை அன்றைய கரை அன்று என்பதுதான். துருக்கியிலுள்ள எபேசு ஒரு காலத்தில் பெரிய துறைமுக நகரம். ஆற்று வண்டல் படிந்து படிந்து, இன்று அது கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. ரோம் நகரின் துறைமுகமாக இருந்த ஓஸ்தியாவும் இவ்வாறே கரையை இழந்தது. இதற்கு நேர்மாறாக, இத்தாலியில் நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள பாயாவில் ரோமானியச் செல்வர்களின் மாளிகைகள், நிலம் மெல்லத் தாழ்ந்ததால், கடலடியில் கிடக்கின்றன. ஆகவே புறப்படும் முன் அப்பகுதியின் பழைய வரைபடம் ஒன்றைத் தேடியெடுத்து, துறை எங்கே இருந்தது, ஆறு எங்கே கடலில் கலந்தது, கப்பல்கள் எந்தத் திசையிலிருந்து வந்தன என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை தெரிந்துவிட்டால் பண்டகசாலையும் கோட்டையும் கலங்கரை விளக்கமும் அந்தந்த இடத்தில் ஏன் எழுந்தன என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கும். நிலமும் கடலும் இடம் மாறியதற்கான சான்று சில இடங்களில் கல்லிலேயே பதிந்திருக்கும். பாயாவுக்கு அருகிலுள்ள பொத்சுவோலியின் பழைய சந்தையில் நிற்கும் மூன்று பளிங்குத் தூண்களின் அடிப்பகுதி வழவழப்பாக இருக்க, ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு பட்டையளவுக்கு மட்டும் கல்லைத் துளைக்கும் கடற்சிப்பிகள் குடைந்த துளைகள் நெருக்கமாகத் தெரிகின்றன. அடிப்பகுதி மண்ணில் புதைந்திருக்க, அந்தப் பட்டை வரை கடல் ஏறி நின்றிருக்கிறது என்பதை அத்துளைகளே சொல்லிவிடுகின்றன.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், முதலில் அருங்காட்சியகம், பிறகு இடம், நேரம் இருந்தால் மீண்டும் அருங்காட்சியகம் என்பதே என் பரிந்துரை. முதல் முறை செல்லும்போது நிலப்பட மாதிரியையும் காலவரிசையையும் மட்டும் பார்த்தால் போதும். இடத்தை நேரில் கண்டபின் திரும்பி வரும்போது, கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் ஓட்டுத்துண்டு எந்தச் சுவரடியிலிருந்து வந்தது என்பது கண்முன் நிற்கும். சிறிய ஊர்களின் அருங்காட்சியகங்கள் பலவற்றைத் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள்; அவை வாரத்தில் சில நாள்களோ, ஆண்டின் சில மாதங்களோ மட்டும் திறந்திருக்கக்கூடும். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுச் செல்வது நல்லது.

கரையோர இடிபாடுகளையும் தீவுக் கோட்டைகளையும் காண விரும்புவோர் கடல் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று காட்டும் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் மிக உயரமாக ஏறி மிகத் தாழ்வாக வடியும் என்பதால், நீருக்குள் மறைந்திருக்கும் பழைய துறைச் சுவர்கள் அப்போதுதான் வெளிப்படும். ஆபத்தும் அப்போதுதான் மிகுதி. ஏற்றம் நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் நேற்றைய நேரத்தை நம்பி இன்று இறங்கக் கூடாது. இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குச் செல்லும் சாலை ஒவ்வோர் ஏற்றத்தின்போதும் மூழ்கிவிடுகிறது; பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களை வெளியிட்டிருந்தும் வண்டிகள் அங்கே சிக்கிக்கொள்வதுண்டு. வற்றம் தொடங்கியபின் இறங்கி, நீர் திரும்புவதற்கு நெடுநேரம் முன்பே கரையேறிவிடுங்கள்.

கோட்டைக்குள் நுழைவதற்கு முன், அனுமதி இருக்கும் அளவுக்கு, அதை வெளிப்புறமாக ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எந்தப் பக்கச் சுவர் கனமாக இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் கட்டியவர்கள் தாக்குதலை எதிர்பார்த்திருக்கிறார்கள். இலங்கையின் காலிக் கோட்டை இதற்கு நல்ல சான்று. போர்த்துகீசியர் 1588ஆம் ஆண்டில் தொடங்கி, பின்னர் டச்சுக்காரர்கள் கல்லால் பலப்படுத்திய அக்கோட்டையில், சூரியன், சந்திரன், விண்மீன் என்று பெயர் கொண்ட மூன்று பெரிய கொத்தளங்களும் நிலப்பக்கத்தை நோக்கியே நிற்கின்றன. கொத்தளங்கள் கோணமாக வெளியே நீண்டிருப்பது அழகுக்காக அன்று. ஒரு கொத்தளத்திலிருந்து அடுத்த சுவரின் அடிவாரம் முழுவதையும் சுடமுடிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதன் மேல் நின்று பக்கவாட்டில் பார்த்தால் அந்தக் கணக்கு எளிதில் புரிந்துவிடும்.

அருங்காட்சியகத்தில் எல்லாப் பேழைகளையும் மேலோட்டமாகப் பார்ப்பதைவிட நாலைந்து பொருள்களின் முன் நிதானமாக நிற்பதே பயன் தரும். ஆம்போரா என்னும் பழங்காலச் சாடி இருந்தால் அதன் அடிமுனையைப் பாருங்கள். தரையில் நிற்க முடியாத அந்தக் கூர்முனை, கப்பலின் அடித்தளத்தில் கீழ்வரிசைச் சாடிகளின் தோள்களுக்கு இடையே செருகிக்கொள்வதற்கு வசதியாக அமைந்தது. கைப்பிடியில் முத்திரை இருந்தால் அது எங்கே செய்யப்பட்டது என்பதை அறியலாம்; உட்புறம் கரிய பிசின் பூச்சு இருந்தால் அதில் மது வந்திருக்கலாம். கடலிலிருந்து எடுத்த மரமும் இரும்பும் வேறு விதமான கவனத்தைக் கேட்பவை. 1628ஆம் ஆண்டில் தன் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறையில் மூழ்கி 1961ஆம் ஆண்டில் வெளியே எடுக்கப்பட்ட வாசா கப்பலின் மரம் உலர்ந்து சுருங்கி வெடித்துவிடாமலிருக்க, பாலிஎதிலீன் கிளைக்கால் என்னும் மெழுகு போன்ற பொருளின் கரைசலைப் பதினேழு ஆண்டுகள் தெளித்தார்கள். இரும்புப் பீரங்கிக்குள் ஊறிய உப்பை நீக்காமல் காற்றில் வைத்தால் அது அடுக்கடுக்காக உதிர்ந்துபோகும். தொடாதீர்கள் என்ற பலகையின் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது.

கடலோர ஊரில் கிடைத்த சிறந்த பொருள்கள் அந்த ஊரிலேயே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 1900ஆம் ஆண்டில் கிரேக்கத்தின் ஆன்டிகித்தெரா தீவருகே, கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள் கண்ட கப்பற்சிதைவிலிருந்து மீட்கப்பட்ட வானியல் பொறி இன்று ஏதென்ஸில் இருக்கிறது. "இங்கே கிடைத்தவற்றில் எவை வேறு இடத்துக்குப் போயின?" என்று காப்பாளரிடம் கேளுங்கள், பல நேரங்களில் மிகப் பயனுள்ள உரையாடல் அந்த ஒரு கேள்வியிலிருந்தே தொடங்கும்.

கரையில் நடக்கும்போது பழைய ஓடோ நாணயமோ கண்ணில் பட்டால் எடுத்துவர வேண்டாம். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். அதைவிட, இடம் தெரியாத பொருள் ஆய்வுக்குப் பெரும்பாலும் பயன்படாது. அளவு தெரிய அருகே ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, கைபேசியில் இருப்பிடத்தைப் பதிந்து, அன்றே உள்ளூர் அருங்காட்சியகத்திலோ தொல்லியல் அலுவலகத்திலோ தெரிவித்துவிடுங்கள்.