ஊரில் இரண்டு பால்வாடி இருந்தால் எதில் சேர்ப்பது?

எங்கள் ஊர் மணப்பாறைப் பக்கம். சின்ன ஊர்தான், ஆனால் அங்கன்வாடி இரண்டு. ஒன்று கோயில் தெருவில், இன்னொன்று காலனியில். பக்கத்து ஊர் நடுநிலைப்பள்ளி வளாகத்து மையத்தில் எல்.கே.ஜி., யு.கே.ஜி.யும் உண்டு, 2019 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க 2,381 மையங்களில் தொடங்கினார்களே, அதில் ஒன்று. மூன்றிலும் காசு கிடையாது. என் பிள்ளைகளுக்காக மூன்றையும் அலசியவள் என்பதால் சொல்கிறேன்.

முதலில், சொல்லாமல் போங்கள். சாதாரண நாளாகப் பார்த்து, காலை பதினொரு மணி வாக்கில். விழா நாளில் எல்லா மையமும் அழகாகத்தான் இருக்கும். சுவரில் யானையும் மயிலும் வரைந்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், அது பெயின்டர் சாமர்த்தியம். விளையாட்டுச் சாமான் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பீரோ மேல் கவர் பிரிக்காமல் இருந்தால் அது ஆபீசர் வரும்போது காட்டுவதற்கு. பிள்ளைகள் கையில் அழுக்கேறி, கால் உடைந்த பொம்மையாகக் கிடந்தால் நல்ல இடம்.

டீச்சர் கையில் போன் இருந்தால் உடனே முகம் சுளிக்காதீர்கள். வருகை, எடை எல்லாவற்றையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றியாக வேண்டும்; கர்ப்பிணிகள் கணக்கும் அவர்கள் தலையில்தான். அந்த நேரம் ஆயா பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. ஆயா பணியிடம் காலியாக இருந்தால் ஒரே ஆள் சமைத்து, பாட்டுச் சொல்லி, கால் கழுவிவிட வேண்டும். எவ்வளவு நல்ல டீச்சராக இருந்தாலும் முடியாது.

அப்புறம் பின்பக்கம் போங்கள். கக்கூஸ் பூட்டியிருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, செப்டிக் டேங்க் மூடி உறுதியாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அடுப்பும் பிள்ளைகளும் ஒரே அறையில் என்றால் நான் சேர்க்க மாட்டேன்.

சாப்பாட்டைப் பற்றி டீச்சரைக் கேட்பதைவிட பிள்ளைகளைக் கேளுங்கள். வாரம் 3 முட்டை உண்டு. என்றைக்கு முட்டை என்று மூன்று வயசுப் பிள்ளைகூடச் சொல்லும்.

எடையைப் பற்றி மட்டும் டீச்சரிடம் கேளுங்கள். மாதாமாதம் எடை பார்க்க வேண்டும். காலனி டீச்சரிடம் கேட்டபோது நோட்டைத் திறக்காமலே, “இவன் போன மாசம் காய்ச்சல்ல இளைச்சுட்டான், அந்தப் பாப்பா இப்பத்தான் தேறி வருது” என்று ஒவ்வொரு பிள்ளையாகக் காட்டினார். கோயில் தெருவில் நோட்டு சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

காலனி என்றதும் சிலர் மூஞ்சி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். பஸ் நிறுத்தம் வரை நடந்து, காசு கொடுத்து வேனில் வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்புவார்களே தவிர, கூப்பிடு தூரத்தில் இருக்கும் நல்ல டீச்சரிடம் விட மாட்டார்கள். என் மாமியாரும் பத்து நாள் பேசவில்லை. பிள்ளை அங்கேதான் போனாள்.

எல்.கே.ஜி.யில் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு நகர்வது வசதி. ஆனால் தனி ஆசிரியர் இப்போது இருக்கிறாரா என்று விசாரித்த பிறகே அவ்வளவு தூரம் அனுப்புங்கள். எழுத்து எழுத வைப்பதில்லை என்று பால்வாடியைக் கழிக்கவும் வேண்டாம். அவர்கள் பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’.

முடிவு செய்துவிட்டால் ஜூன் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2 வயது நிறைந்த பிள்ளையை எந்த மாதமும் சேர்க்கலாம்.