அணைத் தண்ணீரில் பூமியின் வளைவைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

"தண்ணீர் மட்டமாத்தானே நிக்குது, அப்புறம் பூமி எப்படி உருண்டை?" கிருஷ்ணகிரி அணைக்கரையில் பைனாகுலரோடு நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் இந்த வாதத்தை அடிக்கடி கேட்கலாம். உருண்டைக் கட்சிக்காரர்கள் சொல்லும் பதிலும் பாதி நேரம் தப்பாகவே இருக்கிறது. இந்தத் துறையில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் இதே பள்ளங்களில் விழுந்து எழுந்தவர்கள்தான். அளவு நாடாவைத் தப்பாகப் பிடிப்பது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே பேசப் போவதில்லை.

கண்ணின் உயரத்தைக் கணக்கில் விடுவது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். "ஒரு மைலுக்கு 8 அங்குலம், தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கு" என்று ஒரு சூத்திரம் சுற்றி வருகிறது. கிலோமீட்டரில் சொன்னால், தூரத்தின் வர்க்கத்தை 7.85 ஆல் பெருக்கினால் விடை சென்டிமீட்டரில் வரும். 3 கி.மீ. என்றால் 71 செ.மீ. அக்கரையில் நிற்கும் ஆளின் முழங்காலுக்கு மேல் வரை மறைய வேண்டும், ஆனால் செருப்பே தெரிகிறது, ஆகவே பூமி தட்டை என்று முடித்துவிடுகிறார்கள்.

சூத்திரம் பொய்யில்லை. கண் தண்ணீரை ஒட்டியே இருந்தால் மட்டும் பொருந்துகிற சூத்திரம் அது. நிற்கிறவரின் கண் நீர்மட்டத்துக்கு மேல் 1.5 மீ. இருந்தாலே தொடுவானம் 4.4 கி.மீ. தள்ளிப் போய்விடும். 3 கி.மீ. அதற்குள் அடங்கிவிடுகிறது, ஆகவே உருண்டை பூமியிலும் எதுவும் மறையாது. சரியான வழி இரண்டு படி. முதலில் கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்குங்கள். தொடுவானத்தின் தூரம் கி.மீ.யில் வரும். அடுத்து, மொத்தத் தூரத்தில் அதைக் கழித்து, மிச்சத்தை வர்க்கப்படுத்தி 12.74 ஆல் வகுங்கள். மறையும் உயரம் மீட்டரில் வரும்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் உடனே அடுத்த குழியில் விழுகிறார்கள். கண்ணைத் தாழ்த்தினால்தானே மறையும் என்று கரையில் குப்புறப் படுத்துவிடுவார்கள். 20 செ.மீ. உயரத்தில் கண் இருந்தால் தொடுவானம் 1.6 கி.மீ., 3 கி.மீ.யில் மறைவது 15 செ.மீ. காற்றடிக்கிற நாளில் அலையே அவ்வளவு எழும்பும். அதைவிட மோசமானது தண்ணீரை ஒட்டிய காற்று. நீர் குளிர்ந்து மேலே காற்று சூடாக இருந்தால் ஒளி கீழ்நோக்கி வளைந்து, மறைந்திருக்க வேண்டியதைத் தூக்கிக் காட்டும்.

1838ல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் கால்வாயில், தட்டைக் கட்சிக்காரரான ரோபோதம் சறுக்கியது இங்கேதான். தண்ணீருக்கு மேல் 8 அங்குலத்தில் கண்ணை வைத்து, 6 மைல் போன படகு கடைசி வரை தெரிந்தது என்று சொல்லிப் பூமியைத் தட்டையாக்கினார். 1870ல் அதே கால்வாயில் இன்னொரு தட்டைக் கட்சிக்காரரான ஜான் ஹாம்ப்டனோடு 500 பவுண்டு பந்தயம் கட்டிய ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், நில அளவை தெரிந்தவர். கண்ணை நீரிலிருந்து நன்றாக மேலே தூக்கினார். தொலைநோக்கியும், நடுவழி அடையாளமும், கடைசி அடையாளமும் ஒரே உயரம். நடு அடையாளம் மேலே துருத்தித் தெரிந்தது. 6 மைலுக்குக் கணக்குப்படி வர வேண்டிய புடைப்பு சுமார் 1.8 மீ. ஹாம்ப்டன் ஒத்துக்கொள்ளவில்லை. வருடக்கணக்கில் வாலஸைத் திட்டி எழுதி, அதற்காகச் சிறைக்கும் போனார்.

நம் அணையில் 3 கி.மீ. நேர்ப்பார்வை கிடைத்தாலும் நடுவில் எதிர்பார்க்கக்கூடிய புடைப்பு 18 செ.மீ. காற்று ஒளியை வளைப்பது சாதாரண நாளிலேயே அதை 15 ஆக்கிவிடும். மூன்று அடையாளங்களையும் நீருக்கு மேல் 4 மீ. உயரத்தில் வையுங்கள். நீரின் வெப்பத்தையும் காற்றின் வெப்பத்தையும் அளந்து, இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கிற மேகமூட்ட நாளாகப் பாருங்கள். பத்து முறையாவது அளந்து சராசரி எடுங்கள். ஒரு சிக்கல் சொல்லியாக வேண்டும். இந்த அணைக்கு முழுக் கொள்ளளவு 52 அடி. நீளம் கிடைக்கிற நாளில் நடுக்கம்பு நட முடியாத ஆழம் இருக்கும்; கம்பு நட முடிகிற கோடையில் நீளம் சுருங்கியிருக்கும்.

நடு அடையாளத்தைப் பரிசலில் கட்டுவது

வேண்டாம். ஆடும்.

கொத்தனாரின் டியூப் மட்டத்தைச் சாட்சிக்கு இழுப்பது

தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் 20 மீ. டியூபுக்கு நடுவே வர வேண்டிய புடைப்பு 0.008 மி.மீ. தலைமுடியின் தடிமனே அதைப்போல் பல மடங்கு. டியூபும் ரசமட்டமும் தட்டைக்கும் சாட்சியில்லை, உருண்டைக்கும் சாட்சியில்லை. மட்டம் என்றால் நேர்கோடு என்று யார் சொன்னது? தூக்குக்குண்டு நூலுக்குச் செங்குத்தாக இருப்பதே மட்டம். 1 கி.மீ. இடைவெளியில் தொங்கும் இரண்டு நூல்கள் 32 விகலை (3600 விகலை ஒரு பாகை) அளவுக்குச் சாய்ந்தே தொங்குகின்றன.

"சர்வேயர் யாரும் வளைவைக் கழிக்கிறதில்லையே"

ஆட்டோ லெவல் என்னும் மட்டம் பார்க்கும் கருவியை இரண்டு ஸ்டாஃபுக்கும் (அளவுக்கோலுக்கும்) நடுவில், சம தூரத்தில் வைக்கச் சொல்வது ஏன்? 100 மீ.க்கு 0.8 மி.மீ. வளைவுப் பிழை இரு பக்கமும் சமமாக விழுந்து கழிந்துவிடும். கழிப்பு வேலை கருவியை வைக்கும் இடத்திலேயே முடிந்துவிடுவதால், குறிப்பேட்டில் தனியாக எழுதுவதில்லை.

வாஷ்பேசின் சுழல்

தண்ணீர் சுழன்று வடியும் திசையைப் பூமி சுற்றுவதற்குச் சாட்சியாக்குகிறார்கள். விடுங்கள். ஊற்றிய கையும் துவாரத்தின் சரிவும்தான் சுழலின் திசையை முடிவு செய்கின்றன.

ஜூம் செய்தால் கப்பல் திரும்ப வருகிறது என்பது

கடற்கரைக்குப் போகிறவர்கள் இதை வீடியோவாகவே கொண்டுவருவார்கள். சிறிதாகிக் கண்ணுக்குத் தெரியாமல் போன கப்பலை ஜூம் மீட்கும். அடிப்பாகம் மறைந்த கப்பலை மீட்காது. 2 மீ. உயரத்தில் கண், 15 கி.மீ. தள்ளிக் கப்பல் என்றால் அடியில் ஏறத்தாழ 8 மீ. மறைந்திருக்கும், எந்த லென்ஸ் போட்டாலும் சரி. அதே கப்பலை 30 மீ. உயரத்தில் ஏறிப் பார்த்தால் தொடுவானம் 19 கி.மீ.க்கு மேல் போய், அடிப்பாகம் திரும்பத் தெரியும். கீழே ஒரு படம், மேலே ஒரு படம் எடுங்கள். இடையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், கப்பல் நகர்ந்துவிடும்.