செலவும் சிநேகிதமும்: திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

2024ஆம் ஆண்டு கோடையில் மூன்று கிழமை யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டு ரொறன்ரோவுக்குத் திரும்பிய இரண்டாம் நாள் கணக்குக் கொப்பியை விரித்தேன். கொண்டுபோன காசில் முக்கால்வாசி நான் விரும்பிச் செய்யாத செலவுகளுக்கே போயிருந்தது. பதினொரு வருடமாகக் காணாத பள்ளித் தோழர்களோடு ஆறுதலாக இருந்து கதைக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பயணத்தை ஒழுங்கு செய்திருந்தேன். அவர்களோடு மனம் விட்டு இருந்தது மூன்று பொழுதுகள் மட்டுமே. அந்த மூன்றுக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாகூடச் செலவாகவில்லை. பெட்டிக்குள் எதை வைப்பது என்று உங்களுக்குத் தெரியும். ஊரில் காசையும் நாட்களையும் எப்படிக் காத்துக்கொள்வது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நாணயக் கணக்கு. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்து, அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியது. நான் போனபோது அது 300 ரூபாவளவிலும் கனடா டொலர் 220 ரூபாவளவிலும் இருந்தன. வெளியிலிருந்து போகிற நாம் எந்த விலையைக் கேட்டாலும் மனதுக்குள் 220ஆல் பிரித்து, மலிவுதான் என்று வாங்கிவிடுகிறோம். பக்கத்தில் நிற்கிற உறவினரோ அதே விலையைத் தன் மாதச் சம்பளத்தோடு வைத்துப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறார். அந்தப் பிரித்தலைப் போன முதல் நாளே நிறுத்திவிடுங்கள். வீட்டுச் செலவுக்குக் கிழமைக்கு இவ்வளவு என்று ரூபாவிலேயே தீர்மானித்து, அடுப்படியை நடத்துகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். நான் அம்மாவிடம் கொடுத்த கிழமைக் காசில் ஒவ்வொரு முறையும் மிச்சம் வந்தது. நானே கடைக்குப் போன நாட்களில்தான் மூன்று நாளில் வாடிப்போகிற பொருட்களால் குளிர்சாதனப் பெட்டி நிரம்பியது. சந்தைக்குப் போக ஆசையிருந்தால் சுன்னாகத்துக்கோ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கோ வீட்டுப் பெண்களோடு போய்ப் பையைத் தூக்குங்கள்; விலை பேசுவதை அவர்களிடம் விடுங்கள்.

கொழும்பிலிருந்து வருவதற்கு முழு வானை வாடகைக்குப் பிடிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். நானும் பிடித்தேன், மூன்று பேருக்குப் பன்னிரண்டு இருக்கை. அந்த மாதங்களில் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் பாதைத் திருத்தம் நடந்ததால் வடக்குக்கான புகையிரதம் ஓடவில்லை. ஆகவே பயணச்சீட்டு வாங்குமுன் புகையிரதம் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். ஓடினால் முற்பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து இரவில் புறப்படுகிற பஸ்ஸில் ஏறினால் விடியலில் யாழ்ப்பாணத்தில் இறங்கலாம். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம் ஆடி அமாவாசைக்கு ஐந்தாறு நாள் கழித்து வரும். திருவிழா இருபத்தைந்து நாள். அந்தக் காலத்தில் வானும் மண்டபமும் தங்குவிடுதியும் வேறு விலை சொல்லும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை என்ற கட்டாயம் இல்லாதவர்கள் வேறு மாதம் போவது நல்லது. எனக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. தேர் பார்க்கும் ஆசைதான் இருந்தது. தேருக்கு முதலே விடுமுறை முடிந்துவிட்டது.

நாம் கவனிக்காமல் கூட்டிவிட்டு வருகிற செலவு மின்சாரம். நான் போனபோது வீட்டு மின்கட்டணம் இப்படித்தான் இருந்தது: மாதப் பாவனை 60 அலகுக்குள் நின்றால் ஒரு கட்டண வரிசை, 60ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு வரிசை, 180ஐத் தாண்டினால் எல்லாவற்றிலும் உயர்ந்த வீதம், மாதாந்த நிலையான கட்டணமும் படிப்படியாக ஏறும். ஓர் அறைக்குக் குளிரூட்டியை இரவில் எட்டு மணி நேரம் போட்டால் ஆறு முதல் எட்டு அலகு வரை ஓடிவிடும். மூன்று கிழமைக்குக் கணக்குப் பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மாவும் சின்னம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். அடுப்படி நாட்காட்டியில் சின்னம்மா கிழமைக்கு ஒரு தரம் மீற்றர் இலக்கத்தைப் பென்சிலால் குறித்து வருகிறார்; 60ஐத் தாண்டாமல் இருக்க, மாதக் கடைசியில் தண்ணீர்ப் பம்பைக்கூடப் போடாமல் கிணற்றில் அள்ளுகிறார். நாங்கள் நின்ற நாட்களுக்கு நேரே அவர் எதையும் குறித்திருக்கவில்லை. நான் திரும்பிய பின்னர் வந்த பில்லை எனக்குச் சொல்லாமல் தானே கட்டியிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து அம்மா வாய்தவறிச் சொன்னபோதுதான் தெரிந்தது. புறப்படுமுன் மீற்றரை நீங்களே வாசித்து, கூடுதல் அலகுகளுக்கான காசை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

இனி, என் பயணத்தை விழுங்கிய செலவு. அப்பா 2021 ஓகஸ்டில் இறந்தபோது கொரோனாக் கட்டுப்பாடுகளால் நான் வரவில்லை. அடுத்த வருடம் ஆட்டத் திவசத்துக்கு, அதாவது முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு, நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில், வரலாமா என்று யோசித்து வராமலே விட்டேன். இந்த முறை நான் நிற்கிற நாட்களுக்குள் திவசம் வந்தது. ஆடி அமாவாசையன்று விடியற்காலையில், மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிற நண்பன் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கீரிமலைக்குப் போனான். தகப்பனை இழந்தவர்கள் அன்றைக்கு அங்கேதான் பிதிர்க்கடன் செய்வார்கள். சனத்துக்குள் நுழைந்து, தர்ப்பணம் செய்து, கடலோரக் கேணியில் முழுகி எழுந்தபோது, மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்தது கொஞ்சம் இளகியது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

அன்று மாலையே பெரியப்பா வந்தார். “தம்பி, செத்தவீட்டுக்கும் நீ வரேல்லை, ஆட்டத் திவசத்துக்கும் வரேல்லை. இந்த முறையாவது சனத்துக்கு ஒரு சோறு குடுக்காட்டி, என்ர தம்பிக்கு ஒரு பிள்ளை இருந்ததெண்டு ஊர் எப்பிடி நம்பும்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. வீட்டு முற்றத்தில் நாற்பது பேர் என்று தொடங்கிய பேச்சு, அடுத்த நாள் நூற்றைம்பதாகி, அதற்கடுத்த நாள் மண்டபமும் முந்நூறு பேருமாக வளர்ந்தது. மண்டபத்துக்கு முற்பணம், சமையல்காரருக்கு முற்பணம், அழைப்பிதழ், வீடியோ, வவுனியாவிலிருந்து உறவுகளை ஏற்றிவர இரண்டு வான் என்று ஒவ்வொன்றுக்கும் நானே கூடப் போக வேண்டியிருந்தது. காசு எண்ணுகிற கை என்னுடையது. யார் வீட்டுக்கு முதலில் சொல்ல வேண்டும், யாருக்கு நேரில் போய்ச் சொல்லாவிட்டால் மனம் நோகும் என்பதற்கே இரண்டு நாள் போயிற்று. அந்த நாட்களில் தோழர்கள் மூன்று தரம் கூப்பிட்டார்கள். மூன்று தரமும் “நாளைக்குப் பாப்பம் மச்சான்” என்றேன்.

திவசத்தன்று மண்டப வாசலில் எட்டடிப் பதாகை நின்றது. அதிலிருந்தவர் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார், முகம் அப்பாவுடையது. வேட்டியும் தோளில் ஒரு துவாயுமாகத் தோட்டத்துக்கும் கோயிலுக்கும் போன மனிதரின் தலையை ஸ்ரூடியோக்காரர் யாரோ ஒருவரின் உடம்பில் ஒட்டியிருந்தார். வெளிநாட்டுப் பிள்ளையின் தகப்பன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிச் செய்வித்திருக்கிறார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி உள்ளே போனார். மொத்தம் ஆறரை இலட்சம் ரூபா. சாப்பிட்டவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. சோறு இரண்டு கிடாரம் மிஞ்சியது.

பெரியப்பாவைக் குறை சொல்லி முடித்துவிடுவது எளிது. அவர் தம்பியை இழந்தவர், பிரேதப் பெட்டியைத் தூக்கியவர், நான் இல்லாத இடத்தை நிரப்பியவர். என் பிழை வேறு. அந்த எட்டு நாட்களில் ஒரு தரமாவது அம்மாவைத் தனியே இருத்தி, “உங்களுக்கு எப்பிடிச் செய்ய விருப்பம்?” என்று நான் கேட்கவில்லை. ஐயர் வந்து வீட்டில் கிருத்தியம் செய்து, அயலில் பத்துப் பேருக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்பதே அம்மாவின் விருப்பம் என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. உங்களிடமும் இப்படி ஒரு கோரிக்கை வரும். திவசமாக இல்லாவிட்டால் சாமத்தியச் சடங்காக, கோயில் திருப்பணியாக, வீட்டுக்கு மேல்மாடியாக வரும். பயணச்சீட்டை வாங்குமுன்னரே தொகையை முடிவு செய்து, தொலைபேசியில் எல்லாருக்கும் ஒரே தொகையாகச் சொல்லுங்கள்; ஊரில் இறங்கிய பிறகு, முற்றத்தில் வைத்து, குற்ற உணர்வோடு பேரம் பேச முடியாது. வீட்டில் உரியவரைக் கேளாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். அன்னதானம்தான் மனதுக்கு ஆறுதல் என்றால், அன்னதானக் கந்தன் என்றே பெயர் பெற்ற செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்கோ ஒரு முதியோர் இல்லத்துக்கோ ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் கொடுங்கள்; பசித்தவர் சாப்பிடுவார், சோறு வீணாகாது.

நண்பர்கள் விடயத்தில் நான் செய்தது அதைவிடப் பெரிய பிழை. வந்த முதல் கிழமை நான்கு பேரையும் வானில் ஏற்றி, நகரத்து விடுதியொன்றில் இரவுச் சாப்பாடு கொடுத்தேன். இரண்டு நாள் விட்டு மறுபடியும் கொடுத்தேன். மூன்றாம் முறை அழைத்தபோது இருவருக்கு வேலை, ஒருவனுக்குக் காய்ச்சல். கராஜ் வைத்திருக்கிறவன் மட்டும் வந்து, பில் வருமுன் சொன்னான்: “நீயே ஒவ்வொருமுறையும் காசைக் குடுத்தா, நாங்கள் எப்பிடியடா உன்னைக் கூப்பிடுறது?” ஆசிரியராக இருக்கிறவன் தன் வீட்டுக்கு என்னை அழைக்க நினைத்து, அந்த விடுதியைப் பார்த்த பிறகு அழைக்காமல் விட்டதையும் அவன்தான் சொன்னான்.

திவசம் முடிந்த இரவு, கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா இன்னொன்றைச் சொன்னார். 2022இல் கியூஆர் அட்டைக்குப் பங்கீடாகப் பெற்றோல் கொடுக்கத் தொடங்கிய காலத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். ஆட்டத் திவசத்துக்கு ஐயரை ஏற்றிவந்து, சாமான் வாங்கி, மீண்டும் ஐயரைக் கொண்டுபோய் விட்டதில் கராஜ்காரன் தன் கிழமைப் பங்கைச் செலவழித்துவிட்டு, மிச்ச நாட்கள் கடைக்குச் சைக்கிளில் போயிருக்கிறான். இரண்டு வருடமாகத் தொலைபேசியில் கதைத்திருக்கிறோம். ஒரு சொல் சொன்னதில்லை. நான் அவனுக்கு விடுதியில் நண்டு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே நண்பர்களுக்கான நாட்களை முதலில் குறித்துவிட்டு, உறவுகளுக்கு மிச்ச நாட்களைக் கொடுங்கள். அவர்கள் அழைக்கிற இடத்துக்கு, அவர்களுடைய வாகனத்தில், அவர்களுடைய நேரத்துக்குப் போங்கள். தேநீர்க் காசை அவர்கள் கொடுத்தால் விட்டுவிடுங்கள். அடுத்த முறை நீங்கள் கொடுக்கலாம். பண்ணைப் பாலத்தடியில் மாலைக் காற்றுக்கு இருப்பதற்கு யாருக்கும் கட்டணம் இல்லை. ஆசிரியரோடு அங்கே கச்சான் கொறித்தபடி இருந்த இரண்டு மணி நேரத்தில்தான், அவனுடைய மூத்த மகளும் வெளிநாடு போக நிற்கிறாள் என்பதும், அதை என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டான் என்பதும் தெரிந்தன.

கடைசிக் கிழமை கராஜ்காரன் தன் வீட்டில் கூழ் காய்ச்சுவதாகச் சொன்னான். நல்லூரில் கொடியேறிவிட்டதால் மீன், நண்டு என்று மச்சம் எதுவும் இல்லை, சைவக் கூழ். ஒடியல் மா அவன் வீட்டில், பயற்றங்காயும் மரவள்ளியும் ஆசிரியர் வீட்டுத் தோட்டத்தில், பலாக்கொட்டையும் முருங்கையிலையும் மற்ற இருவரிடம். நான் என்ன வாங்கிக்கொண்டு வர என்று கேட்டேன். “ஒண்டும் வாங்காதை. உங்கட வீட்டுப் பிலாவிலை பிடுங்கிக்கொண்டு வா” என்றான்.

அந்தப் பலாமரம் அப்பா வைத்தது. சின்னம்மா கொக்கத்தடியை எடுத்துத் தர, முற்றலும் இல்லாமல் குருத்தும் இல்லாமல் ஐம்பது இலை பார்த்துப் பிடுங்கிக் கழுவி, ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனேன். அவன் முற்றத்தில் மணலில் இருந்து, இலையின் அடியை மடித்து ஈர்க்கால் குத்தி, கூழ் குடிக்கிற கிண்ணமாகக் கோலத் தொடங்கினோம். எனக்குக் கை மறந்திருந்தது. முதல் இரண்டும் ஒழுகின. பக்கத்திலிருந்த அவனுடைய ஒன்பது வயது மகள் என் கையிலிருந்த இலையை வாங்கி, நடு நரம்புக்குச் சற்று மேலே ஈர்க்கை ஏற்றிக் காட்டிவிட்டு, அடுத்த இலையை என்னிடம் நீட்டினாள்.