கறுப்பையும் ஒரு வடிவமாகப் பாருங்கள்: அரூபக் கறுப்பு வெள்ளைப் படங்கள்

அரூபப் படம் என்றால், என்ன பொருள் என்று தெரியாமல் வடிவங்கள் மட்டும் தெரியும் படம். எடுத்த பிறகு எடிட்டிங்கில் காண்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு) ஸ்லைடரை வலது ஓரம்வரை தள்ளினால் கரகரப்பான படம்தான் மிஞ்சும். அடர்ந்த கறுப்பும் பளிச்சென்ற வெள்ளையும் எடுக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். மேகமில்லாத நாளில் சாய்ந்து விழும் காலை, மாலை வெயில் நல்லது. படிக்கட்டு, ஜன்னல் கம்பி, மடித்த காகிதம் எதுவும் போதும். அறைக்குள் என்றால் பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு, மற்றவற்றை அணைத்துவிடுங்கள். எதிரே வெள்ளைச் சுவர் இருந்தால் அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி நிழலை வெளிறடிக்கும். நிழல் பக்கம் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்துங்கள்.

கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று பெரிய வடிவங்கள் மட்டும் தெரிந்தால் எடுக்கலாம். தாழ்ப்பாள், எழுத்து, கைப்பிடி என்று பொருளைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் சட்டகத்துக்குள் வேண்டாம்.

கேமராவில் மோனோக்ரோம் (கறுப்பு வெள்ளை) தேர்ந்து, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகச் சேமியுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும். நிறங்கள் கோப்பில் பத்திரமாக இருக்கும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8 வைத்துத் தொடங்கலாம். கேமராவின் ஒளியளக்கும் மீட்டர் எதைக் கண்டாலும் நடுச்சாம்பலாக்கவே பார்க்கும். வெள்ளைச் சுவர் அழுக்காகத் தெரிவது இதனால்தான். மேனுவல் மோடில், வெயில் பட்ட வெள்ளையை ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் முறை) அளந்து, 2 ஸ்டாப் கூட்டுங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு. ஹிஸ்டோகிராம் (இடப்பக்கம் இருளையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடம்) வலது சுவரில் முட்டினால் கொஞ்சம் குறையுங்கள். முழுதாக வெளுத்த இடத்தை மீட்க வழியில்லை. நிழல் இருண்டால் கவலை வேண்டாம், நமக்கு வேண்டியதே அதுதான்.

எடிட்டிங்கில் நிறங்களிலிருந்து தொடங்குங்கள். சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஒரே சாம்பலாகிவிடுவதுண்டு. ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளிர் சாம்பலாகத் தெரியும் என்பதை மாற்றும் மிக்ஸரில் சிவப்பை ஏற்றிப் பச்சையை இறக்கினால் பிரியும். வானத்தைக் கறுப்பாக்க நீலத்தை இறக்கலாம். அளவு மீறினால் வானத்தில் நாய்ஸும் (புள்ளி புள்ளியான கரகரப்பு) கட்டட விளிம்பில் வெள்ளைக் கோடும் கிளம்பும், 100% பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் ஆல்ட் விசையை அழுத்தியபடி பிளாக்ஸ் (கறுப்பின் அளவு) ஸ்லைடரை நகர்த்தினால் விவரம் தொலையும் இடங்கள் தெரியும். பெரிய நிழல்கள் தொலையட்டும். கடைசியாக, கர்வில் (வெளிச்ச அளவுகளை மாற்றும் கோடு) மெல்லிய எஸ் வளைவு, அதாவது வெளிச்சத்தைச் சற்று ஏற்றி இருளைச் சற்று இறக்குவது.

வளைவான பொருளில் மட்டும் சற்றுச் சாம்பலை விட்டுவையுங்கள், இல்லையென்றால் உருண்டை தட்டையாகிவிடும். மேட் காகிதத்தில் கறுப்பு அவ்வளவு ஆழமாக இறங்காது. அச்சுக்குப் பளபளப்புக் காகிதம் எடுங்கள்.