சர்க்கரையிலிருந்து தொடங்குங்கள்: லெக்டின் அமைப்பைத் திரையில் படிப்பது எப்படி?

லெக்டின் என்பது குறிப்பிட்ட சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் புரதம். என்னிடம் வரும் எம்.எஸ்சி. மாணவர்கள் அதன் அமைப்புக் கோப்பைத் திறந்ததுமே, புரதச் சங்கிலி மடிந்து உருவாகும் பீட்டா தகடுகளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். நான் முதலில் சங்கிலியை நாடாவாகக் காட்டும் அந்த ரிப்பன் படத்தை மறைக்கச் சொல்வேன். சர்க்கரையும், அதைச் சுற்றி 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இருக்கும் அமினோ அமிலங்களும் மட்டும் தெரிந்தால் போதும்.

அதற்கும் முன்னால், ஒரு தாளில் குளுக்கோஸ், மேனோஸ், காலக்டோஸ் மூன்றையும் நாற்காலி வடிவத்தில் கையால் வரையுங்கள். குளுக்கோஸின் 2ஆவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சிலை (OH) வளையத்துக்குச் செங்குத்தாக நிமிர்த்தினால் மேனோஸ், 4ஆவதை நிமிர்த்தினால் காலக்டோஸ். வித்தியாசம் அவ்வளவுதான். புரதம் இதைத்தான் கண்டுபிடித்தாக வேண்டும்.

சரி, இப்போது புரத அமைப்புத் தரவு வங்கியில் 5சிஎன்ஏ (5CNA), 2பிஇஎல் (2PEL) என்ற இரண்டு கோப்புகளைத் திறங்கள். முதலாவது ஜாக் பீன் விதையின் கன்கனவாலின் ஏ, மேனோஸ் வகைச் சர்க்கரையோடு. இரண்டாவது நிலக்கடலை லெக்டின், காலக்டோஸும் குளுக்கோஸும் இணைந்த லாக்டோஸோடு. நிலக்கடலை லெக்டினின் அமைப்பை 1994இல் வெளியிட்டது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயனின் குழு. இரண்டும் பயறு வகை லெக்டின்கள், மடிப்பும் ஒன்றே. ஆனால் பிடிக்கும் சர்க்கரை வேறு.

ஹைட்ராக்சில்களை ஒவ்வொன்றாக எடுத்து, 3.2 ஆங்ஸ்ட்ராமுக்குள் யார் இருக்கிறார் என்று அளந்து எழுதுங்கள். கன்கனவாலினில் அஸ்பார்டேட் 208 (சங்கிலியில் 208ஆவது இடத்தில் இருக்கும் அமினோ அமிலம்) மேனோஸின் 4, 6ஆவது ஆக்சிஜன்களைப் பிடிக்கும். அஸ்பரஜின் 14ம் 4ஆவதைப் பிடிக்கும். 2ஆவதைப் புரதம் நேரடியாகத் தொடவே இல்லை. குளுக்கோஸும் இங்கே உட்காருவது அதனால்தான், பிடிப்பு மட்டும் கொஞ்சம் தளர்ச்சி. 4ஆவது நிமிர்ந்து நிற்கும் காலக்டோஸுக்கு இடமில்லை.

நிலக்கடலைக்கு வாருங்கள். அங்கே அஸ்பார்டேட் 83, அஸ்பரஜின் 127. எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கன்கனவாலினின் சங்கிலி வேறு இடத்தில் வெட்டி ஒட்டப்பட்டிருப்பதால் எண்கள் ஒத்துவராது. இரண்டு அமைப்புகளையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தினால் அதே அஸ்பார்டேட், அதே அஸ்பரஜின் அதே இடத்தில் இருப்பது தெரியும். ஆனால் இந்த அஸ்பார்டேட் காலக்டோஸின் 3, 4ஆவது ஆக்சிஜன்களைப் பிடிக்கிறது. அதாவது சர்க்கரையே, அதைப் பிடிக்கும் குழியான பைக்குள் திரும்பி உட்கார்ந்திருக்கிறது! எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். பிடிக்கும் கைகள் மாறவில்லை. பையைச் சுற்றியிருக்கும் சங்கிலி வளைவுகளின் நீளமும் வடிவமும்தான் சர்க்கரை எப்படித் திரும்பலாம் என்று முடிவு செய்கின்றன.

அப்புறம் அதே நிலக்கடலை லெக்டினில் டைரோசின் 125ஐப் பாருங்கள். காலக்டோஸின் கார்பன்-ஹைட்ரஜன் பக்கம் அதன் தட்டையான வளையத்தின் மேல் படிந்திருக்கும். ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டும் எண்ணுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

உலோகங்களையும் விட்டுவிடாதீர்கள். இந்த இரண்டிலும் கால்சியமும் மாங்கனீசும் சர்க்கரையைத் தொடுவதில்லை, பையின் வடிவத்தைத்தான் காக்கின்றன. விலங்குகளின் சி-வகை லெக்டின்களில் கால்சியமே சர்க்கரையைப் பிடிக்கும். அவற்றில் ஒன்றான மேனோஸ் பிணைப்புப் புரதத்தில் குளுட்டமேட் 185ஐ குளுட்டமினாகவும் அஸ்பரஜின் 187ஐ அஸ்பார்டேட்டாகவும் மாற்றியபோது, அது காலக்டோஸை விரும்பத் தொடங்கியது. அடுத்த பயிற்சிக்கு அந்தக் கால்சியத்தைச் சுற்றி அளந்து பாருங்கள்.