முதல் ஆப்பிரிக்க சஃபாரி: க்ரூகர் பூங்காவுக்கு நீங்களே திட்டமிடுவது எப்படி?

சஃபாரி என்றதும் திறந்த ஜீப், வழிகாட்டி, லட்சக்கணக்கில் செலவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தென் ஆப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்கு அதெல்லாம் கட்டாயமில்லை. வாடகைக்கு எடுத்த சாதாரண காரை நீங்களே ஓட்டிக்கொண்டு யானை, சிங்கம், காண்டாமிருகம் பார்க்கலாம். இரவில் வேலி போட்ட முகாமில் குடில் எடுத்துத் தங்கலாம். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோவும் ஜாம்பியாவின் தென் லுவாங்வாவும் அருமையான காடுகள்தான். ஆனால் அங்கே மணல் பாதை, குட்டி விமானம் என்று சிக்கலும் செலவும் கூடிவிடும். முதல் பயணத்துக்கு நான் க்ரூகரைத்தான் சொல்வேன்.

படி 1: இரண்டே முகாம்கள் போதும்

க்ரூகர் வடக்கு தெற்காக ஏறக்குறைய 350 கி.மீ. நீளம். தார்ச் சாலையில் வேக வரம்பு மணிக்கு 50 கி.மீ., மண் சாலையில் 40. அந்த வேகத்தில்கூடப் போக மாட்டீர்கள். ஒவ்வொரு வளைவிலும் ஏதாவது நின்றுகொண்டிருக்கும், நீங்களும் நிற்பீர்கள். ஸ்குகுசா முகாமிலிருந்து சதாரா முகாம் 90 கி.மீ. சொச்சம்தான், ஆனால் அதற்கே அரை நாள் ஒதுக்க வேண்டும்.

அதனால் க்ரூகர் இரண்டு நாள், விக்டோரியா அருவி இரண்டு நாள், கேப்டவுன் மூன்று நாள் என்று திட்டம் போடாதீர்கள். பாதி விடுமுறை விமான நிலையங்களிலேயே போய்விடும். ஆறு இரவு கிடைத்தால் லோயர் சாபி முகாமில் மூன்று, சதாராவில் மூன்று என்று வையுங்கள். லோயர் சாபி வற்றாத ஆற்றின் கரையில் இருக்கிறது. அங்கிருந்து ஸ்குகுசா போகும் ஆற்றோரச் சாலையின் பெரிய மரங்களில் சிறுத்தை தென்பட நல்ல வாய்ப்பு உண்டு. முகாமுக்குப் பக்கத்திலேயே சன்செட் அணையில் நீர்யானைகளும் முதலைகளும் கிடக்கும். சதாரா திறந்த புல்வெளி. வரிக்குதிரையும் வில்டபீஸ்ட் என்கிற பெரிய மானினமும் மேய்வதால் சிங்கங்களும் அதிகம்.

படி 2: மாதம்

மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். புல் காய்ந்து படுக்கும், இலை உதிரும், விலங்குகள் தண்ணீரைத் தேடி ஆற்றுக்கும் குட்டைக்கும் வரும். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையோடு பொருந்துவது மே மாதம்தான். அப்போது பச்சை கொஞ்சம் மிச்சமிருக்கும், பரவாயில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் போக முடிந்தால் இன்னும் நல்லது. ஜூன், ஜூலை அதிகாலையில் நன்றாகக் குளிரும், கம்பளிச் சட்டை வேண்டும்.

படி 3: முன்பதிவும் காகிதங்களும்

முகாம்களை நடத்துவது சான்பார்க்ஸ் என்கிற தேசியப் பூங்காக்கள் அமைப்பு. அவர்கள் இணையதளத்திலேயே சுமார் 11 மாதங்களுக்கு முன்பிருந்து பதிவு செய்யலாம். லோயர் சாபியில் ஆற்றைப் பார்த்த கூடாரங்கள் முதலில் தீர்ந்துபோகும். முதலில் முகாம், அதன் தேதியை வைத்து விமானம், அப்புறம் கார். வெளிநாட்டவருக்கு ஆள் ஒன்றுக்கு நாள் கட்டணம் தனியாக உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள்.

உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா என்பதைச் சீக்கிரமே பார்த்துவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் வழியாகப் போய், அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். விமானம் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசியுங்கள். க்ரூகர் மலேரியா பகுதி. கிளம்புவதற்கு ஒரு மாதத்துக்கு மேலாகவே மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்குங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருந்தால் இது மிக முக்கியம்.

படி 4: காரும் சாப்பாடும்

தென் ஆப்பிரிக்காவிலும் இடதுபுறம்தான் ஓட்ட வேண்டும், நமக்குப் பழக்கம்தான். நான்கு சக்கர இயக்கம் தேவையில்லை. இருக்கை கொஞ்சம் உயரமாக இருந்தால் புல்லுக்கு மேல் பார்க்க வசதி. ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கிய அன்று தூங்கி எழுந்து, மறுநாள் காலையில் கிளம்புங்கள். பூங்காவின் க்ரோக்கடைல் பிரிட்ஜ் வாசலுக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டாம்.

வழியில் எம்பொம்பேலா நகரில் அரிசி, பருப்பு, காய்கறி வாங்கிவிடுங்கள். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் உள்ளிட்ட இந்தியர்களின் வழித்தோன்றல்கள் வாழும் நாடு அது. மசாலாப் பொடி கிடைப்பது கஷ்டமே இல்லை. பதிவு செய்யும்போதே சமையலறை உள்ள குடிலாகப் பார்த்து எடுத்தால் சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கவலை இல்லை. சாப்பாட்டை மட்டும் வெளியே விட்டுவைக்காதீர்கள், குரங்கு எடுத்துப் போய்விடும்.

படி 5: பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஜூன், ஜூலையில் முகாம் வாசல் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5.30க்கு மூடும். திறக்கிற நேரத்தில் வண்டியில் தயாராக இருங்கள். முதல் மூன்று மணி நேரமும் கடைசி இரண்டு மணி நேரமும்தான் பொன்னான நேரம். நடுப்பகலில் தூங்குங்கள், இல்லை ஒரு நீர்நிலைக்கு எதிரே வண்டியை நிறுத்திச் சும்மா இருங்கள்.

சிங்கத்தைத் தேடாதீர்கள், சிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களைத் தேடுங்கள். இம்பாலா மான்கள் மேய்ச்சலை விட்டு, கழுத்தை நிமிர்த்தி ஒரே திசையைப் பார்த்து மூக்கால் சீறினால் அங்கே வேட்டை விலங்கு இருக்கலாம். இரண்டு மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் அசையாமல் ஒரே பக்கம் பார்த்து நிற்பதும் அப்படித்தான். மரத்தில் வெர்வெட் குரங்கு விடாமல் கத்தினால் கீழே புதரைத் துழாவுங்கள். பிணந்தின்னிக் கழுகுகள் வானத்தில் வட்டமிட்டால் பெரிதாக ஒன்றுமில்லாமலும் போகலாம். கூட்டமாக மரத்தில் இறங்கி, கீழே வராமல் உட்கார்ந்திருந்தால் இரையின் மேல் ஏதோ வேட்டை விலங்கு இருக்கிறது. சிறுத்தைக்கு ஆற்றோர மரங்களின் படுக்கைவாட்டுக் கிளைகளைப் பாருங்கள். புள்ளி கண்ணில் படாது. நேராகத் தொங்கும் வால்தான் முதலில் தெரியும்.

ஆளுக்கொரு பைனாகுலர் வேண்டும், 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ்) போதும். ஒன்றை நான்கு பேர் கைமாற்றுவதற்குள் விலங்கு போய்விடும். கேமராவை ஜன்னலில் ஊன்ற ஒரு துணிப்பை கொண்டுபோய், அங்கே வாங்கிய அரிசியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

படி 6: காட்டின் விதி

அனுமதித்த இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கவே கூடாது. தலையையோ உடம்பையோ வெளியே நீட்டவும் கூடாது. எதற்கும் தீனி போடாதீர்கள். மனிதரிடம் தின்று பழகிய குரங்கையும் கழுதைப்புலியையும் கடைசியில் சுட்டுக் கொல்லும்படி ஆகிவிடுகிறது. அதற்குக் காரணமாக நாம் இருக்கக் கூடாது.

யானையிடம் எப்போதும் இடைவெளி விடுங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் வண்டியை விடாதீர்கள். காதை விரித்துத் தலையை ஆட்டினால் பின்வாங்க வேண்டிய நேரம். கன்னத்தில் மதநீர் வழிய, பின்னங்கால்கள் நனைந்தபடி தனி ஆண் யானை சாலையில் எதிரே வந்தால் தூரத்திலேயே வண்டியைப் பின்னால் எடுத்து வழி விடுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுப் படம் எடுக்கும் சமயம் அதுவல்ல.

ஒரு மாலை மட்டும் முகாமில் பணம் கட்டி, பூங்கா வண்டியில் இரவுச் சவாரி போய்வாருங்கள். சொந்தக் காரில் இருட்டில் போக அனுமதியில்லை.

படி 7: திரும்பும் வழி

சதாராவிலிருந்து ஓர்பென் வாசல் 48 கி.மீ. அந்த வழியாக வெளியேறி, பிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு ஜோகன்னஸ்பர்க் திரும்பலாம். மலேரியா மாத்திரையை மருத்துவர் சொன்ன நாள் வரை ஊரிலும் தொடருங்கள். அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் வந்தால், மலேரியா பகுதிக்குப் போய்வந்ததை முதல் வாக்கியமாக மருத்துவரிடம் சொல்லி, அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.