பசியும் பணக்கார நாடுகளும்: இந்தத் தலைப்புல வாதாடுறவங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புங்க

"உலகத்துல பசியைப் போக்குறது பணக்கார நாடுகளோட கடமையா?" டிபேட்ல சாகாவரம் வாங்கின தலைப்பு இது. நானும் பேசிருக்கேன், தோத்திருக்கேன், இப்போ பல வருஷமா ஜட்ஜா உக்காந்து கேட்டுட்டு இருக்கேன். போன வாரம் ஒரு ப்ராக்டிஸ் ரவுண்ட்ல ஒரு பையன் எழுந்து முதல் வரியைச் சொன்னான், அடுத்த வரி என்னன்னு அவன் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஏன்னா காலேஜ்ல நான் பேசினது அச்சு அசலா அதேதான். அதனாலதான் இதை எழுதுறேன். டைம் மீறாதீங்க, பேப்பரைப் பாத்துப் படிக்காதீங்க மாதிரி சமாச்சாரமெல்லாம் இங்க கிடையாது, அது உங்களுக்கே தெரியும்.

தர்மத்தையும் கடமையையும் போட்டுக் குழப்புறது

தர்மம்னா, கொடுத்தா புண்ணியம், கொடுக்கலைன்னா யாரும் சட்டையைப் பிடிக்க முடியாது. கடமைன்னா கொடுக்காம இருக்கிறதே தப்பு, சட்டையைப் பிடிக்கலாம். புதுசா வர்றவங்க மூணு நிமிஷம் பட்டினிக் குழந்தையை வர்ணிச்சிட்டு உக்காந்துடறாங்க. கேக்குறவங்களுக்கு இரக்கம் வருது, ஆனா கடமை எங்கயும் நிரூபணம் ஆகல.

இன்னொரு கூட்டம் உடனே தத்துவவாதி பீட்டர் சிங்கரை இழுக்கும். 1972ல வந்த அவரோட கட்டுரையில குளத்துல ஒரு குழந்தை மூழ்குது, துணி அழுக்காகும்னு சும்மா நிப்பீங்களான்னு கேப்பார். நல்ல உதாரணம்தான், ஆனா அது கரையில நிக்கிற தனி ஆளுக்கு, நம்ம தலைப்பு நாடுகளைப் பத்தினது. அதே கட்டுரையில அரசாங்கங்களையும் அவர் கிழிச்சிருக்கார், அதை யாரும் எடுக்கிறதே இல்ல. கிழக்கு வங்காள அகதிகளுக்கு ஆஸ்திரேலியா கொடுத்த காசு, சிட்னி ஓபரா ஹவுஸ் கட்டுற செலவுல பன்னெண்டுல ஒரு பங்குகூட இல்லைன்னு எழுதிருப்பார். உங்களுக்கு முதல்ல வேண்டியது குளம் இல்ல, அந்த ஓபரா ஹவுஸ். ஆனா குளத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பின்னாடி ஒரு இடத்துல உதவும்.

"சாப்பாடு பத்தல, அவங்ககிட்ட மிச்சம் இருக்கு, அனுப்பட்டும்"

இதுதான் என்னைக் கவுத்தது. இன்னைக்கும் யாராவது இப்படி ஆரம்பிச்சா எனக்கு எரிச்சலா வரும், அவங்க மேல இல்ல, என் மேலயே.

அது ஃபைனல். நான் ஆதரவு பக்கம். உலகத்துல உணவுப் பற்றாக்குறை இருக்கு, பணக்கார நாடுகள்ல கொட்டிக் கிடக்கு, இருக்கிறவன் இல்லாதவனுக்கு அனுப்பணும், அவ்ளோதான் வாதம், கைதட்டல்கூட வந்துச்சு. எதிர்ப் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டா. "1974ல பங்களாதேஷ்ல பஞ்சம் வந்தப்போ, அந்த நாட்டுல தலைக்கு எவ்ளோ தானியம் இருந்துச்சு, அதுக்கு முந்தின வருஷங்களைவிட கம்மியா அதிகமா?" நான் யோசிக்கவே இல்ல, "கம்மி"ன்னேன். சிரிச்சிட்டு உக்காந்துட்டா.

கம்மி இல்ல. அமர்த்தியா சென் அலசிக் காட்டின கணக்குப்படி 1971ல இருந்து 1975 வரைக்கும் இருக்கிற வருஷங்கள்லயே தலைக்கு அதிகமா தானியம் இருந்தது அந்த 1974லதான். வெள்ளம் வந்துச்சு, வயல்ல கூலி வேலை நின்னுச்சு, அரிசி விலை எகிறிச்சு, கூலியாளுங்க கையில காசு இல்ல. கடையில அரிசி இருந்தும் வாங்க வழியில்லாம செத்தாங்க.

சரி, ஒரு தகவல் தப்பாயிடுச்சு, அதுக்கு என்ன இப்போன்னு நீங்க கேக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அவளோட பேச்சு வந்தப்போதான் புரிஞ்சுது. "பற்றாக்குறையே இல்லைன்னா பிரச்சனை அந்த நாட்டுக்குள்ள, அங்க கூலி, விலை, விநியோகம் சரியில்ல, அதைச் சரி பண்ண வேண்டியது அந்த அரசாங்கம், வெளிநாட்டுக்கு இதுல என்ன கடமை?"ன்னு முடிச்சா. என்கிட்ட பதிலே இல்ல. ஏன்னா நான் கடமையை முழுக்க பற்றாக்குறை மேலயே கட்டி வெச்சிருந்தேன், அடியில இருந்து அதை உருவினதும் மேல இருந்தது மொத்தமா சரிஞ்சுபோச்சு.

அந்தப் பொண்ணு எடுத்த அதே 1974ல எனக்கான பதிலும் இருந்துச்சுங்கிறதுதான் கொடுமை. அந்த வருஷம் பங்களாதேஷ் கியூபாவுக்கு சணல் சாக்கு வித்துச்சு, கியூபாவோட வியாபாரம் பண்ற நாட்டுக்கு உணவு உதவி கிடையாதுன்னு அமெரிக்கா நிறுத்தி வெச்சுது, சாக்கு விக்கிறதை நிறுத்தின பிறகு தானியம் வந்து சேர்றதுக்குள்ள பஞ்சம் பெரும்பாலும் ஓஞ்சே போச்சு. உள்நாட்டு விநியோகம்னு அவ சொன்னாளே, அரசாங்கம் விநியோகம் பண்ண நம்பி இருந்த தானியத்தை வெளியில இருந்து பிடிச்சு வெச்சது யாருன்னு நான் திருப்பிக் கேட்டிருக்கணும். பஸ்ல வீட்டுக்குப் போறப்போகூட தோணல, ரெண்டு வருஷம் கழிச்சுப் படிச்சப்போதான் தெரிஞ்சுது.

அதனால ஆரம்பத்துலயே "பசி எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டுட்டு அப்புறம் கடமைக்கு வாங்க. இன்னைக்கு உலகத்துல கிடைக்கிற உணவைத் தலைக்கு வகுத்தா நாளைக்கு 2,900 கலோரி பக்கம் வருது, அப்படியும் ஐநா கணக்குப்படி 2024ல 67 கோடி பேர் பசியில இருந்தாங்க. அமெரிக்காவுல விளையுற மக்காச்சோளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எத்தனாலாகி வண்டி டாங்க்குக்குப் போகுது. பற்றாக்குறைன்னு பேசினா இதையெல்லாம் எங்க கொண்டு வைப்பீங்க?

ஹைட்டியைப் பாருங்க. 1995ல அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்கு இறக்க வெச்சாங்க, மானியத்துல விளைஞ்ச அமெரிக்க அரிசி வந்து குவிஞ்சுது, உள்ளூர் விவசாயி அந்த விலைக்கு ஈடு கொடுக்க முடியாம படுத்துட்டான். அப்போ அமெரிக்க அதிபரா இருந்த பில் கிளிண்டனே 2010ல அமெரிக்க செனட் கமிட்டி முன்னாடி, அது தன்னோட சொந்த மாநிலமான அர்கன்சாஸ் விவசாயிகள் சிலருக்கு நல்லதா இருந்திருக்கலாம், ஆனா தப்புன்னு ஒத்துக்கிட்டார். இங்க "அனுப்பணும்"ங்கிற வாதத்தைப் போட்டுப் பாருங்க, அனுப்பினதுதான் பிரச்சனையே! தாமஸ் போகி மாதிரி தத்துவவாதிங்க சொல்றது இங்கதான் கை கொடுக்கும்: கொடுக்கிறது இரண்டாவது, முதல்ல கெடுக்காம இருக்கணும். பக்கத்து வீட்டுக்காரனுக்கு சோறு போடறது கடமையான்னு ரெண்டு பேர் விடிய விடிய வாதாடலாம், அவன் அடுப்புல தண்ணி ஊத்தக்கூடாதுங்கிறதுல வாதாட ஒண்ணும் இல்ல.

உதவியா அனுப்புறதுலயும் இது இருக்கு. அமெரிக்க உணவு உதவிச் சட்டம் வந்தது 1954ல, உபரி விளைச்சலைத் தள்ளிவிடுறதும் அதோட நோக்கத்துல ஒண்ணு. கப்பல்ல போற சரக்குல பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்குற கப்பல்ல போகணும்னு விதி வேற, இதனால செலவும் கூடும், சரக்கும் மாசக்கணக்குல கடல்ல கிடக்கும். கனடா 2008லயே, உணவு உதவிக்குத் தன் நாட்டுச் சரக்கைத்தான் வாங்கணும்ங்கிற நிபந்தனையை எடுத்துடுச்சு, அப்போ எடுக்க முடியும்தானே. இந்த ஒரு பாயிண்ட்டைச் சொல்ற டீமை நான் இதுவரைக்கும் ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன்.

எல்லாப் பழியும் பணக்கார நாட்டு மேல போடறது

மேல சொன்னதைக் கேட்டுட்டு சிலர் இந்தப் பக்கம் சாய்ஞ்சிடுவாங்க. சூடான்ல 2024ல, சொந்த நாட்டுக்குள்ளயே இடம்பெயர்ந்தவங்க தங்கியிருந்த ஜம்ஜம் முகாம்ல பஞ்சம்னு உறுதி பண்ணாங்க, அதை உண்டாக்கினது அங்க ரெண்டு படைங்க போட்டுக்கிட்ட சண்டை. அதுக்கு வரி, மானியம்னு காரணம் தேடாதீங்க. அங்க, நாம கெடுக்கலைன்னாலும் காப்பாத்த முடிஞ்சா காப்பாத்தணும்னு கடமையை வேற விதமா நிரூபிக்கணும், அதுக்குத்தான் சிங்கரோட குளத்தைப் பத்திரமா வெச்சிருக்கச் சொல்றேன்.

ஊழல்

"அனுப்புற உதவியை அங்க இருக்கிறவங்க சுருட்டிடுவாங்க, அதனால கடமை இல்ல"ன்னு எதிர்ப் பக்கம் சொல்லும். வழியில திருடன் இருந்தா வேற வழியில போய் கடனைக் கட்டணும், கடனே இல்லைன்னு சொல்லக்கூடாது.

"காப்பாத்தினா இன்னும் பெருகுவாங்க"

1974ல சூழலியலாளர் காரெட் ஹார்டின் சொன்ன லைஃப் போட் கதை: பணக்கார நாடு ஒரு உயிர்காப்புப் படகு, தண்ணியில தத்தளிக்கிற எல்லாரையும் ஏத்தினா படகே மூழ்கிடும்னு. இன்னமும் யாராவது ஒருத்தர் எடுத்துட்டு வருவாங்க. பங்களாதேஷ்ல அப்போ ஒரு பொண்ணுக்கு ஆறு குழந்தைக்கு மேல, இப்போ ரெண்டு பக்கம். குழந்தை பொழைக்கும்னு நம்பிக்கை வந்தா பெத்துக்கிறது குறையும். அடுத்தது.

0.7ஐ மந்திரம் மாதிரி சொல்றது

1970ல ஐநா பொதுச்சபை தீர்மானம் போட்டுச்சு, தேசிய வருமானத்துல 0.7 சதவீதம் உதவியா கொடுக்கணும்னு. 2024ல அதைத் தொட்டது நார்வே, லக்ஸம்பர்க், ஸ்வீடன், டென்மார்க் நாலுதான். ஆனா அது பசிக்குன்னு மட்டும் ஒதுக்கின காசு இல்ல, மொத்த வளர்ச்சி உதவிக்கும் சேர்த்து. தன் நாட்டுக்கு வந்த அகதிகளுக்கு முதல் வருஷம் ஆகுற செலவைக்கூட அதுல சேர்த்துக் காட்டலாம், காசு எல்லையே தாண்டாது. எதிர் டீம்ல விவரமான ஆள் இருந்தா இந்த நம்பரோட உங்களை ஓரம் கட்டிடுவாங்க.

எப்போன்னு சொல்லாம விடுறது

கடமை இருக்குன்னு நிரூபிச்சிட்டு எல்லாரும் உக்காந்துடறாங்க, எந்த நேரத்துல செய்யணும்ங்கிற பேச்சே வராது. சோமாலியாவுல மழை பொய்க்கப்போகுதுன்னு எச்சரிக்கை 2010 ஆகஸ்ட்லயே வந்துச்சு. பஞ்சம்னு அறிவிச்சது 2011 ஜூலையில, காசு வேகமா வர ஆரம்பிச்சதும் அதுக்கு அப்புறம்தான். செத்தவங்க சுமார் 2.6 லட்சம் பேர், அதுல கிட்டத்தட்ட பாதி பேர் அந்த அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே போய்ட்டாங்க. போன வாரம் அந்தப் பையன்கிட்ட இதைச் சொன்னப்போ, "அப்போ லேட்டா கொடுத்தா கடமையைச் செஞ்ச கணக்கா, செய்யாத கணக்கா சார்?"னு கேட்டான். அடுத்த ரவுண்டுக்கு அதையே முதல் வரியா வெச்சுக்கோன்னு சொல்லி அனுப்பிருக்கேன்.